வேலி சாய்த்த காற்று

உச்சி வெயில். ஓர் இலைகூட ஆடவில்லை. எல்லையோரம் பதினோரு யானைகள் மின்வேலியை விட்டு நூறடி தள்ளி நிற்கின்றன. தொட்டால் என்ன ஆகும் என்பது அவற்றுக்குத் தெரியும். இந்தப் பக்கத்துக் காப்பகத்தின் குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. தண்ணீர் இருப்பது வேலிக்கு அப்பால், அடுத்த நாட்டுக் காப்பகத்தில். குட்டி ஒன்று தாயின் காலடியில் படுத்துவிட்டது, காதைக்கூட அசைக்காமல். வேலியைத் திறக்க அனுமதி கேட்ட கடிதம் மூன்று வாரமாக இரண்டு தலைநகரங்களிலும் மேசை மேசையாக ஏறி இறங்குகிறது. காப்பக அதிகாரி ஜீப்பிலிருந்து கம்பிவெட்டியை எடுத்து வருகிறாள். அந்தப் பக்கத்து அதிகாரி ஏற்கெனவே கம்பத்தைத் தோளால் முட்டிக்கொண்டிருக்கிறார்.

“கரண்டை நிறுத்திட்டேன், வெட்டு தங்கச்சி. காத்துல சாஞ்சுதுன்னு எழுதிடலாம்.”

“காத்துதானே அண்ணே? நிச்சயமா?”

“காத்துதான்! போன தடவை நான் காத்துன்னு எழுத, நீ மழைன்னு எழுதி, ரெண்டு பேரும் வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு வெட்டுகிறாள். கம்பி துள்ளிச் சுருள்கிறது, கம்பம் சாய்கிறது. இருவரும் ஆளுக்கொரு பக்கமாக விலகி ஓடுகிறார்கள். மூத்த யானை கிடக்கும் கம்பியைத் தும்பிக்கையால் தடவிப் பார்க்கிறது, நிற்கிறது, பிறகு தாண்டுகிறது. தாய் குட்டியைக் காலால் உந்தி எழுப்புகிறது. அது தள்ளாடியபடி எல்லையைக் கடந்து, தண்ணீரை மோந்ததும் இரண்டு காதையும் படபடவென்று அடித்துக்கொள்கிறது. அன்று அங்கே வீசிய காற்று அவ்வளவுதான்.