முதல் படகுச் சவாரி

படகு நகர்ந்ததும் மனைவி கைதட்டினாள்.

"முதல் தடவையா படகுல போறோம். மூஞ்சிய ஏன் உம்முனு வெச்சிருக்கீங்க?"

"தலைவலி," என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

கரையேறியதும் அவள் தன் ஆசைப் பட்டியலை விரித்தாள். "பேனா குடுங்க, டிக் அடிக்கணும்."

பென்சிலை நீட்டினார்.

"சட்டைப்பையில பேனா இருக்கே?"

"மை தீர்ந்துபோச்சு."

டிக் அடித்தாள். "நாளைக்கு ரெண்டாவது ஆசை."

"சரி."

வீட்டில் அவள் மதியம் அயர்ந்து தூங்கியதும் படகுக்காரருக்குப் போன் செய்தார்.

"நாளைக்கும் வரோம்."

"அம்மாவுக்கு நேத்து போனதுகூட இன்னிக்கும் ஞாபகம் வரலையா சார்?"

"இல்ல. டிக்கைப் பார்த்தா, 'என்னை விட்டுட்டுப் போனீங்களா'ன்னு அழறா."

ரப்பரால் டிக்கை அழித்தார். இந்தத் தாளில் மட்டும் பதினாறாவது தடவை. நைந்திருந்த காகிதம் கிழிந்துவிட்டது.

புதுத் தாளில், அவளுடைய கோழிக் கிறுக்கல் எழுத்திலேயே, அவர் கை தன்பாட்டுக்கு எழுதியது: 'ஒரு தடவையாவது படகில் போகணும்.'