நடுவில் நின்றவர்

"பிச்சைமணி, இந்த ஒச்சப்பன் எப்படிப்பட்ட ஆளு? உள்ளதச் சொல்லு."

நைனா முகம்மது சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார். கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அவருக்கு மிளகு மொத்த வியாபாரம். பிச்சைமணி லாரி புரோக்கர். ஒச்சப்பன் போடியில் லாரி வைத்திருப்பவர்.

பிச்சைமணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஏழு வருஷமாக இந்தக் கிட்டங்கியில் இருப்பு வைக்கும் மிளகு ஒச்சப்பன் வண்டியில்தான் விருதுநகர் போகிறது. வண்டி எப்போது வரும் என்பதைத் தவிர முதலாளி இதுவரை எதுவும் கேட்டதில்லை.

"என்ன மொதலாளி திடீர்னு?"

"காரணம் இருக்கு. நீ மொதல்ல சொல்லு."

அப்போதுதான் பிச்சைமணி கவனித்தார். மேஜைமேல் ஒரு நீல இன்லண்ட் லெட்டர். அனுப்புநர் இடத்தில் ஒச்சப்பன், போடிநாயக்கனூர் என்று கோணல் எழுத்து. அவர் பார்ப்பதைக் கண்டதும் நைனா முகம்மது அதைப் பேப்பருக்கு அடியில் தள்ளிவிட்டார்.

சரக்குக்காரரும் வண்டிக்காரரும் நேராகப் பேசிக்கொண்டால் புரோக்கர் எதற்கு? அதனால்தான் பிச்சைமணி இருவரையும் இத்தனை வருஷம் சந்திக்கவே விடாமல் பார்த்துக்கொண்டார். ஒச்சப்பன் கொச்சிக்கு வந்தால் தன் ஆபீஸ் பெஞ்சிலேயே உட்கார வைப்பார். பள்ளுருத்தியில் உள்ள தன் வீட்டிலிருந்து மகள் பாக்கியலக்ஷ்மி கொண்டுவரும் சாப்பாட்டைப் போடுவார். அப்படியே பஸ் ஏற்றிவிடுவார்.

இந்த லோடு கைவிட்டுப் போனால் பாக்கியலக்ஷ்மி கல்யாணத்துக்கென்று சேர்ப்பதும் நின்றுபோகும். அவளுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது.

"ஒச்சப்பன் பேச்சு இனிக்கும் மொதலாளி. வாக்குத்தான் நிக்காது. காலையில ஒண்ணு சொல்வாரு, சாயங்காலம் ஒண்ணு."

"அப்படியா? வண்டி ஓட்டுறது மகன்தானே, சங்கிலிப்பாண்டி? கண்டா நல்ல பையனாட்டுத் தோணுதே."

"கண்டா அப்படித்தான் தோணும். குமுளி மலை ஏறணும்னா, குப்பியத் தொடாம ஸ்டியரிங்கத் தொடமாட்டான்."

"படைச்சவனே! குடிக்குமா?"

"குடிச்சாக்கூடப் பரவால்ல மொதலாளி. கையும் சுத்தமில்ல. சாக்குல குத்தூசி விட்டு மிளகு எடுக்கிற பய."

பிச்சைமணி சொன்னது அத்தனையும் பொய். ஏழு வருஷத்தில் ஒரு மணி மிளகு குறைந்ததில்லை. சங்கிலிப்பாண்டி சாயாவைத் தவிர வேறெதுவும் குடித்து அவர் பார்த்ததுமில்லை.

"பின்னே எதுக்கு இத்தன வருஷம் அந்த வண்டியையே கொண்டு வந்தே?"

"நான் நடுவுல நின்னு கண்ணுல வெளக்கெண்ண ஊத்திப் பாத்துக்கிறேன்ல? நான் இல்லாம நேரடியா அவங்களோட வச்சுக்கிட்டீங்க, அவ்வளவுதான்."

நைனா முகம்மது சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"உன் சொந்தப் பொறுப்புன்னா அவங்கள நம்பி விடுவியா?"

"சத்தியமா மாட்டேன்."

"போதும். உன் வாக்க நம்பித்தான் ஏழு வருஷமா சரக்கு ஏத்துறேன். இதுலயும் உன் வாக்குதான்."

பிச்சைமணி தெருவில் இறங்கி மூச்சு விட்டார்.

அடுத்த வாரமும் லோடு அவரிடமே வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. இன்னும் வேடிக்கை, "அதே போடி வண்டியே இருக்கட்டும்" என்று முதலாளி சொல்லியனுப்பினார். இவ்வளவு கேட்ட பிறகும் அதே வண்டியா? பிச்சைமணி தலையைச் சொறிந்தார்.

மூன்றாம் வாரம் வண்டியிலிருந்து இறங்கியது புது டிரைவர்.

"சங்கிலிப்பாண்டி எங்கப்பா?"

"அண்ணனுக்குக் கம்பத்துல பொண்ணு பாத்தாச்சுல்ல? நாளைக்கு நிச்சயம்."

"அட, சொல்லவே இல்ல! நல்லாருக்கட்டும்."

போடி வண்டி வரும் நாளில் பாக்கியலக்ஷ்மி எப்போதும் ஒரு தூக்குச் சாப்பாடு கூடுதலாகக் கொண்டுவருவாள். இன்றும் கொண்டுவந்திருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த புது டிரைவரைப் பார்த்தவள், தூக்கை வைத்துவிட்டு உடனே திரும்பிப் போய்விட்டாள். இவளுக்கு என்ன ஆயிற்று?

அந்த லெட்டரில் என்னதான் இருந்தது என்று தெரியாமல் பிச்சைமணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. நேரே கிட்டங்கிக்குப் போனார்.

"மொதலாளி, ஒரு சந்தேகம். ஒச்சப்பன் அன்னைக்கு லெட்டர் போட்டிருந்தாரே, நேரடியா லோடு கேட்டுத்தானே?"

"லோடா? எந்த லோடு?"

நைனா முகம்மது மேஜை டிராயரைத் திறந்து அந்த நீல லெட்டரை எடுத்தார்.

"நீ கேக்காம இருந்தா நான் காட்டியிருக்க மாட்டேன். வாசிச்சுக்கோ."

பிச்சைமணி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'முதலாளி அவர்களுக்கு வணக்கம். நம்ம பிச்சைமணி அண்ணன் மகளை என் மகன் சங்கிலிப்பாண்டிக்குக் கேட்க ஆசை. நானே கேட்டு அவர் முடியாது என்று சொல்லிவிட்டால், பிறகு தொழிலில் முகம் பார்க்க முடியாது. அதனால் தாங்கள் நடுவில் இருந்து பேசித் தர வேண்டும்...'

"பொண்ணப் பெத்தவன் நீ. காரணம் சொன்னா ஆசையில எல்லாத்தையும் நல்லதாத்தான் சொல்லுவே, அதான் சொல்லாமக் கேட்டேன்," என்றார் நைனா முகம்மது. "நல்லவேளை நீ உள்ளதச் சொன்னே. அன்னைக்கே வேண்டாம்னு எழுதிப் போட்டுட்டேன்."