பாலத்தடியில் ஒரு குழாய்

“துடுப்பைத் தொட்டதுகூட இல்லைங்க” என்று பூங்காவின் படகுத்துறையில் சொல்லிவிட்டுத்தான் வசுமதி முன்னால் உட்கார்ந்தாள். கணவன் தயாபரன் பின்னால். நகரத்து ஆற்றில், ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்புப் போட்டார்கள். பாலம் நல்ல உயரம். ஆனால் வெயிலிலிருந்து அதனடியில் நுழைந்தபோது அவனுக்குக் கண் இருட்டியது. பாதி தூரத்தில் அவள் சட்டென்று முழங்கால்வரை குனிந்தாள். ஏனென்று அவன் யோசிப்பதற்குள், இருட்டில் தாழ்வாகப் போன இரும்புக் குழாய் அவன் நெற்றியில் இடித்தது.

“அடி பலமாங்க?”

“நீ இங்க முன்னாடியே வந்திருக்க.”

“இதான் முதல் தடவை.”

“யாரோட வந்த?”

அவள் துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டாள். பாலத்தைத் தாண்டியதும் ஒரு திட்டைச் சுற்றி ஆறு இரண்டாகப் பிரிந்தது. அவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான்.

“எந்தப் பக்கம் போகணும், சொல்லு.”

“எனக்கென்னங்க தெரியும்?”

அவளும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள். ஓட்டம் படகை மெல்லப் பின்னால் இழுத்தது. பாலத்தின் நிழல் முதலில் அவன் மேலும், பிறகு அவள் மேலும் விழுந்தது. குழாய் இப்போது இருவருக்கும் முதுகுப்புறம். இருவரும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள்.