சாமுராயின் முகம்

மூன்று ஆண்டுகள் என்னோடு பேசாமலிருந்து, பேசாமலே இறந்துபோன தம்பி முகிலன் கடைசியாக ஆடிய சாமுராய் வீடியோ கேமின் டெமோ அது. அதில் ஆட அவனே முகம் வரைந்து உருவாக்கிய வீரனிடம் அவனுடைய சாயலைப் பார்த்துவிடலாம் என்றுதான் அவன் தங்கியிருந்த அறைக்குப் போனேன். திரையில், பாலத்தில் நின்ற அரக்கன் இரண்டே அடியில் என்னைக் கொன்றான். மறுபடியும் கொன்றான்.

"பட்டனைக் கண்டபடி அமுக்காதீங்கண்ணே, சாமுராய்க்கு மூச்சு வாங்குது," என்றான் அறைத்தோழன் ஜெரோம்.

"முகமே தெரியலையேடா."

"ஹெல்மெட்டக் கழட்டுனா ஒரே அடியில செத்துருவீங்க."

"பரவால்ல, கழட்டு."

கழற்றினான். உள்ளே இருந்தது என் முகம். சிறுவயதில் முகிலன் விட்ட பம்பரம் என் புருவத்தில் உண்டாக்கிய தழும்பைக்கூட மறக்காமல் வரைந்திருந்தான். அரக்கன் கோடரியை ஓங்கினான். எந்தப் பட்டனால் தடுக்கலாம் என்று ஜெரோம் கத்திக்கொண்டிருந்தான். நான் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.