எட்டு மணி பூஜை

"மணி எட்டாச்சு சாமி. வெளக்கு ஏத்திட்டேன், வாங்க."

முத்துமாரி வாசலில் நின்று கூப்பிட்டாள். குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த நந்தகுமார் ஈரக் காலோடு உள்ளே வந்தான். கழுத்தில் ஐயப்பன் மாலை ஏறிய நாளிலிருந்து, கட்டிய மனைவிக்கும் அவன் சாமிதான். அவள் 'மாமா' என்று கூப்பிட்டு ஒரு மாதம் ஆகப்போகிறது.

சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மாத்திரையை எடுத்துத் தீர்த்தத்தோடு விழுங்கினான். இருபத்தெட்டில் இருபத்தாறாவது.

நண்பன் கல்யாணத்துக்கு வெளியூர் போன இடத்தில், குடித்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருத்தியோடு தங்கிவிட்டான். போதை தெளிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"மூணு நாளுக்குள்ள வந்தீங்களே, நல்லது," என்றார் டாக்டர். "எச்.ஐ.வி. வராம தடுக்க இருபத்தெட்டு நாள், ஒரு நாள்கூட விடாம, ஒரே நேரத்துக்கு மாத்திரை போடணும். ஆறாவது வாரம் ஒரு டெஸ்ட், மூணாவது மாசம் ஒரு டெஸ்ட். அதுவரைக்கும் ஆணுறை இல்லாம மனைவிகிட்ட போகாதீங்க."

முத்துமாரி இரண்டாவது பிள்ளையோடு ஆபரேஷன் பண்ணிக்கொண்டவள். திடீரென்று ஆணுறை எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வான்? நல்ல வேளையாகக் கார்த்திகை பிறந்தது. மாலை போட்டுக்கொண்டான்.

தரையில் துண்டை விரித்துத் தனியாகப் படுத்தான். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அவள். எலியட்ஸ் பீச்சில் மீன் விற்றுவிட்டு வந்து குளித்து, பூ வைத்துக்கொள்ளும் அவளுடைய வாசனைக்காகவே ஏங்கிப்போனான்.

ஒரு நாள் ஆழ்வார்பேட்டையில் ஏசி ரிப்பேர் வேலையில் மாட்டிக்கொண்டான். சரியாக எட்டுக்குப் போன் வந்தது. "பூசை நேரம் சாமி, மறந்துடாதீங்க." இவளுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டான்.

ஆறாவது வார டெஸ்ட்டில் ஒன்றுமில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினான். அடுத்த டெஸ்ட்டுக்கு இன்னும் நாள் கிடந்தது. இனி என்ன சாக்கு சொல்வது?

அன்று சாயங்காலம் தலை நிறையப் பூவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா," என்றாள்.

அந்த ஒரு சொல்லில் அவன் உடைந்துபோனான். தானாக நீண்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். "ஒடம்பு சரியில்ல மாரி."

"நான் ஒண்ணும் கேக்கல." அவள் ஒரு சிவப்புப் புடவையை மடியில் விரித்தாள். "நாளைக்கு நான் மருவத்தூருக்கு மாலை போடறேன். என்னைத் தொடக் கூடாது. சக்தின்னுதான் கூப்டணும்."

"எத்தினி நாளு?"

"நீ ஊர்லேர்ந்து வந்த வாரமே, உன் சட்டையைத் தோய்க்கசொல்ல ஆஸ்பத்திரி சீட்டைப் பாத்துட்டேன் மாமா." அவள் புடவையை மடிக்கத் தொடங்கினாள். "அதுல மூணாவது மாச டெஸ்ட்டுன்னு ஒரு தேதி போட்டுக்கீது. அது வரிக்கும்."