மூன்றாம் மாதம் 260

"இருநூத்தி அறுபது!"

நர்ஸ் சித்ராங்கனி அளவு குறித்த கிளினிக் கொப்பியை மேசைமேல் போட்டாள். எதிர் பெஞ்சில் புருஷனும் பெண்சாதியும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"முந்தின மாசம் இருநூத்தி நாப்பது. போன மாசம் இருநூத்தி அம்பது. இது என்ன மாமா, பஸ் கட்டணமா, ஏறிக்கிட்டே போறதுக்கு?"

திக்கிரிபண்டா கட்டுப் போட்ட வலது காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். லாரி ஓட்டுகிறவர். பெருவிரல் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. ரத்தத்தில் சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று அன்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.

"விரல் போனா பிரேக்கை எதால மிதிப்பீங்க?"

"அதையேதான் மிஸ்ஸி நானும் கேக்குறேன்." மனைவி ரன்மெனிக்கே முந்திக்கொண்டாள். "சீனி டின்னை அலுமாரில பூட்டி வெச்சிருக்கேன். சாவி இதோ, என் கழுத்துல."

"மாத்திரை?"

"கையில குடுத்து, முழுங்குற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன்."

சித்ராங்கனி பேனாவை எடுத்தாள். பிடித்தால் விடுகிற ரகம் இல்லை அவள்.

"சாப்பாட்டைச் சொல்லுங்க மாமி. காலையிலேர்ந்து, ஒண்ணு விடாம."

"விடியக்காலம் வல்லாரைக் கஞ்சி. இலையை நானே பறிச்சு நானே அரைக்கிறேன். மத்தியானம் ஒரு கோப்பை சிவப்பரிசிச் சோறு, கீரை, துண்டு கருவாடு. பின்னேரம் சீனி போடாத பிளேன்டீ. ராத்திரிக்கு அவிச்ச பயறு. அவ்வளவுதான். அம்மா மேல சத்தியம்."

"அப்புறம் எப்படி ஏறுது? அந்தக் கஞ்சியில என்னென்ன..."

"நான் திருடித் தின்னேன் மிஸ்ஸி."

திக்கிரிபண்டாதான். அடுத்த பெஞ்சில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னது?"

"சந்திக் கடையில. சீனி தூவின பன்னு, அந்தப் பணிஸ். பேப்பர் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போய், தினம் ரெண்டு."

ரன்மெனிக்கே எழுந்தே விட்டாள்.

"அடப் பாவி மனுஷா! அம்பத்தெட்டு வயசுல உனக்குத் திருட்டுப் பணிஸ் கேக்குதா? நான் இருட்டோட எழுந்து அட்டைக்கடி வாங்கிக்கிட்டு இலை பறிக்கிறேன், நீ அங்க போய்... விரலை மட்டும் வெட்டாதீங்க மிஸ்ஸி, நாக்கையும் சேத்து வெட்டச் சொல்லுங்க!"

கொப்பியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி மருந்து வரிசைக்குப் போய்விட்டாள்.

சித்ராங்கனிக்கும் பொறுக்கவில்லை.

"வெக்கமா இல்ல மாமா? அந்த மனுஷி படுற பாட்டுக்கு நீங்க பண்ற காரியமா இது? எந்தக் கடை, சொல்லுங்க. உங்களுக்கு இனிமே ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு நானே போய்ச் சொல்றேன்."

அவர் எட்டிப் பார்த்தார். மனைவி வரிசையில் நின்றுவிட்டாள் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"கடையும் இல்ல, பணிஸும் இல்ல மிஸ்ஸி. அந்தக் கஞ்சியில மூணு கரண்டி கித்துள் பாணி ஊத்துறா."

"பாணியா! இவ்வளவு நேரம் கேட்டேனே, அதை மட்டும் சொல்லலையே?"

"மறைக்கல மிஸ்ஸி. கித்துளை யாரு எங்க ஊர்ல சீனின்னு சொல்றாங்க? மரத்துலேர்ந்து இறக்கிப் பாகாக் காய்ச்சினது, சீனி வருத்தக்காரனுக்கு மருந்துன்னுதான் பேச்சு. நானும் நம்பினேன். போன மாசம் அவ தங்கச்சி வீட்டுல பிக்குமாருக்குத் தானம்னு போய் ஒரு வாரம் தங்கிட்டா. அதே சோறு, அதே பயறு. கஞ்சியும் நானே காய்ச்சினேன். பாணிப் போத்தலை எங்க வெச்சிருக்கான்னுதான் தெரியல. எட்டாம் நாள் மருந்துக் கடையில விரலைக் குத்திப் பாத்தேன். நூத்தி நாப்பது! அப்புறம் அவ வந்தா. போத்தலும் வந்துச்சு."

"அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? விரல் இந்தக் கதிக்கு வந்தது தன் கையாலதான்னு தெரிஞ்சா அவ தாங்குவாளா? நீங்க எல்லாருக்கும் பொதுவாச் சொல்லிடுங்க மிஸ்ஸி. பணிஸ் திருடன்ங்கிற பேரு எனக்கு இருந்துட்டுப் போகட்டும்."

சித்ராங்கனி எழுந்து போய் மருந்து வரிசையின் முன்னால் நின்று கைதட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க. கித்துள் பாணியும் சீனிதான். கித்துள் கருப்பட்டியும் சீனிதான். கஞ்சியில, தேத்தண்ணில, எதுலயும் ஒரு சொட்டு ஆகாது."

"எங்க மாமனார் தொண்ணூறு வயசு வரைக்கும் பாணி குடிச்சாரே!" என்று ஒரு குரல் வந்தது.

"அவருக்குச் சீனி வருத்தம் இருந்துச்சா? இல்லையே? உங்களுக்கு இருக்கு. நிறுத்துங்க."

வரிசை நடுவில் ரன்மெனிக்கேயின் முகம் வெளுத்துவிட்டது. கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"அப்ப... மருந்துன்னு நெனச்சு ஊத்தினவங்க, மிஸ்ஸி?"

"அப்படி ஊத்தினவங்கள்ல நான்தான் முதல் ஆள் மாமி," என்றாள் சித்ராங்கனி சத்தமாக. "நர்ஸ் வேலைக்குப் படிச்ச நானே எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷம் ஊத்திக் குடுத்தேன். தெரிஞ்ச அன்னைக்கே நிறுத்தினேன். இறங்கிடுச்சு. நீங்களும் இன்னைக்கே நிறுத்துங்க, அது போதும்."

ரன்மெனிக்கேக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"மிஸ்ஸிக்கே தெரியலையாம், நமக்கு எங்க தெரியப் போகுது!" என்றாள் பக்கத்தில் நின்றவளிடம். "போன உடனே அந்தப் போத்தலைத் தூக்கிக் கொட்டணும்."

அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து நான்கே மாதமான சித்ராங்கனிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.