கோயிலைச் சுமந்த தூண்

ஆற்றுப் பாலத்துக்கு ஏழு கல்தூண்கள். நடுத்தூண் மட்டும் இரண்டு மடங்கு அகலம். அதன் தலைமேல் ஒரு சின்ன மாதா கோயில் இருந்தது. பாலத்தைக் கடப்பவர்கள் கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஐந்நூறு வருஷத்தில் ஒருவரும் குனிந்து தூணைப் பார்த்ததில்லை. அந்த வயிற்றெரிச்சல் தூணுக்கு ஆறவே இல்லை.

"வெள்ளத்துல நிக்கிறது நான், கும்பிடு உனக்கா? நடுவுல கொஞ்ச வருஷம் கும்பிடுறதை நிறுத்தி உன்னை ஜெயிலாக்கினாங்களே, அப்பவே உன்னை இடிச்சிருக்கணும்" என்று தூண் பொருமும்.

"கட்டினவங்க இங்க வெச்சாங்க, நான் என்னண்ணே செய்வேன்?" என்று கோயில் தணிந்து போகும்.

ஒருநாள் பழைய பாலத்தை இடிக்க ஆட்கள் வந்தார்கள். மூன்று தூண்கள் வரிசையாக விழுந்தன. நடுத்தூணுக்குக் கல் கல்லாக நடுங்கியது. ஒரு ஆள் அதன்மேல் கடப்பாரையை ஓங்கும்போது மேஸ்திரி கத்தினார்: "ஏய், நடுத்தூணைத் தொடாதே! மேலே கோயில் இருக்குல்ல?"

ஆட்கள் அதை விட்டுவிட்டு அடுத்த தூணுக்குப் போனார்கள்.

"பிழைச்சோம்ணே," என்றது கோயில். "இனியாவது சமாதானமா இருப்போமா?"

"நடுத்தூணைத் தொடாதேன்னு மேஸ்திரி சொன்னதை என் காதால கேட்டேன். என் தயவுலதான் நீ தப்பிச்சே. நன்றின்னு ஒரு வார்த்தை வந்துச்சா உன் வாயில?"

கோயில் நன்றி சொல்லாததைத் தூண் இன்றுவரை மறக்கவில்லை.